கை வலிக்கிறது, வேலையை விடலாமா?



முடக்குவாதம் என்ற நோயை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். சில ஊர்களில் இதைச் சரவாங்கி என்பார்கள். இந்த நோய் வந்த வீட்டில் ஒரு கேள்வி எழும். "இனிமேல் வேலைக்குப் போகலாமா? நின்றுவிடலாமா?"

உழைத்துச் சாப்பிடும் குடும்பத்துக்கு இது சின்னக் கேள்வி இல்லை. போனால் வலி. போகாவிட்டால் அடுப்பு எரியாது. அக்கம்பக்கத்தில் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். முடிவு எடுக்க வேண்டியது நோய் வந்தவர்தான். எப்படி யோசித்து முடிவு எடுப்பது? இந்தப் பாடத்தில் படிப்போம். படித்த பிறகு, நாமே ஒரு நோட்டு எழுதிப் பார்ப்போம்.

1. இது என்ன நோய்?

நம் உடம்பில் நோயை எதிர்க்கும் சக்தி இருக்கிறது. கிருமி உள்ளே வந்தால் அது சண்டை போடும். முடக்குவாதத்தில் அந்தச் சக்தி ஆள் தெரியாமல் அடிக்கிறது. நம்முடைய மூட்டுக்குள் இருக்கும் மெல்லிய சவ்வைத் தாக்குகிறது. சவ்வு வீங்குகிறது. கவனிக்காமல் விட்டால் குருத்தெலும்பும் எலும்பும் அரிக்கப்படும். விரல்கள் கோணிப்போகும்.

இந்த நோயின் அடையாளங்கள்:

கை விரல், மணிக்கட்டு, கால் விரல் ஆகிய சிறிய மூட்டுகள் வீங்கும்.
பெரும்பாலும் இரண்டு பக்கமும் ஒன்றுபோல வலிக்கும்.
காலையில் எழுந்ததும் மூட்டுகள் விறைத்திருக்கும். அரை மணிக்கு மேல், சிலருக்கு ஒரு மணிக்கு மேல்கூட அப்படி இருக்கும்.
உடம்பு அசந்துபோகும். பசி குறையும். லேசான காய்ச்சலும் வரலாம்.

வீக்கம் 6 வாரத்துக்கு மேல் நீடித்தால் சும்மா இருக்கக் கூடாது. மருத்துவரிடம் போக வேண்டும். இரத்தப் பரிசோதனை செய்வார்கள்.

இது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. முன்வினைப் பாவமும் இல்லை. யாரும் வைத்த செய்வினையும் இல்லை. ஆண்களைவிடப் பெண்களுக்கு 2 முதல் 3 மடங்கு அதிகமாக வருகிறது. பெரும்பாலும் 30 வயதுக்கும் 60 வயதுக்கும் இடையே தொடங்குகிறது. அது உழைக்கிற வயது. அதனால்தான் வேலைக் கேள்வி உடனே வந்துவிடுகிறது.

2. முதலில் வைத்தியம், பிறகு முடிவு

வலி தாங்க முடியாத நாளில் எடுக்கும் முடிவு சரியாக இருக்காது. ஏன் என்று பார்ப்போம்.

இந்த நோயை முழுவதும் ஒழிக்கும் மருந்து இல்லை. ஆனால் நோயை அடக்கி வைக்கும் மருந்துகள் உண்டு. முக்கியமானது மெத்தோட்ரெக்சேட். இந்த மருந்து வேலை செய்யத் தொடங்கவே 6 முதல் 12 வாரம் ஆகும். நோய் தொடங்கிய சில மாதங்களுக்குள் மருந்தை ஆரம்பித்தால் மூட்டுகள் கெடாமல் காக்க முடியும். இன்று கரண்டி பிடிக்க முடியாத கை, 4 மாதம் கழித்துப் பிடிக்கலாம். அதற்குள் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டால் திரும்பக் கிடைக்குமா?

இந்த மருந்தைப் பற்றிச் சில எச்சரிக்கைகள்:

மெத்தோட்ரெக்சேட் மாத்திரையை இந்த நோய்க்கு வாரத்தில் ஒரு நாள் மட்டுமே சாப்பிட வேண்டும். தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. புதன்கிழமை என்றால் புதன்கிழமை மட்டும். அட்டையின் மேல் கிழமையை எழுதி வையுங்கள். நாம் கற்ற எழுத்து இங்கே உயிரைக் காக்கும்.
மருத்துவர் ஃபோலிக் அமில மாத்திரையும் தருவார். அதையும் அவர் சொன்ன நாளில் சாப்பிட வேண்டும்.
கர்ப்பிணிகள் மெத்தோட்ரெக்சேட் சாப்பிடக் கூடாது. குழந்தை வேண்டும் என்று நினைப்பவர்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.
சாராயம் கூடாது. அது ஈரலைக் கெடுக்கும். மருத்துவர் சொல்லும் போதெல்லாம் இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும்.
பீடி, சிகரெட் இந்த நோயை வளர்க்கும். விட்டுவிட வேண்டும்.

கடையில் வாங்கும் வலி மாத்திரை வலியை மட்டும் குறைக்கும். மூட்டு அரிப்பை நிறுத்தாது. நாள்கணக்கில் சாப்பிட்டால் வயிற்றில் புண் வரும். சிறுநீரகம் கெடும். பெயர் தெரியாத பொடிகளிலும் எச்சரிக்கை தேவை. சிலவற்றில் ஸ்டீராய்டு மருந்தைக் கலந்துவிடுகிறார்கள்.

3. செல்வி எழுதிய நோட்டு

இது கற்பனைக் கதை. ஆனால் இப்படிப் பல குடும்பங்கள் உண்டு.

செல்விக்கு 34 வயது. பெங்களூரில் ஒரு கார்மென்ட்ஸ் ஃபேக்டரியில் தையல் வேலை. கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். கணவர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள். மாமியாரும் உடன் இருக்கிறார்.

செல்விக்கு முடக்குவாதம் வந்தது. ஈ.எஸ்.ஐ. மருத்துவமனையில் மருந்து தொடங்கினார்கள். 4 மாதம் ஆயிற்று. வீக்கம் வெகுவாகக் குறைந்தது. ஆனாலும் வலி முழுவதும் போகவில்லை.

ஒருநாள் இரவு கணவர் சொன்னார். "நீ பட்டதெல்லாம் போதும். வேலைய விட்டுடு. இருக்கிறத வச்சு சமாளிப்போம்."

"உடனே சொல்ல முடியாதுங்க. யோசிக்கணும்" என்றார் செல்வி.

செல்வி இரவில் எழுத்தறிவு மையத்துக்குப் போவது வழக்கம். அங்கே பாடம் சொல்லித் தரும் பெண் ஒரு யோசனை சொன்னாள். "அக்கா, ஒரு வாரம் நோட்டு எழுதுங்க. எந்த நேரத்துல என்ன வேலை, எவ்வளவு வலி. அவ்வளவுதான். அப்புறம் உட்கார்ந்து பார்ப்போம்."

செல்வி எழுதினார். ஒரு நாள் பக்கம் இது:

காலை 5.00 – எழுந்தேன். விரல் மடங்கவில்லை.
காலை 5.30 – குழாயில் 10 குடம் தண்ணீர். வலி மிக அதிகம்.
காலை 6.30 – துணி துவைத்துப் பிழிந்தேன். வலி மிக அதிகம்.
காலை 7.30 – சமையல். வலி உண்டு.
காலை 9.00 – மிஷினில் உட்கார்ந்தேன். வலி உண்டு.
காலை 11.00 – மிஷின். வலி குறைவு.
மதியம் 2.00 – கத்தரியால் நூல் வெட்டும் வேலை. வலி மிக அதிகம்.
மாலை 4.00 – மிஷின். வலி குறைவு.
இரவு 7.00 – பாத்திரம் தேய்த்தேன். வலி உண்டு.

வாரக் கடைசியில் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து படித்தார்கள். "வலி மிக அதிகம்" என்று எந்த எந்த வேலைக்கு எழுதியிருக்கிறது? தண்ணீர் தூக்கியது, துணி பிழிந்தது, கத்தரி பிடித்தது. மூன்றே வேலைகள். இரண்டு வீட்டு வேலை. ஒன்று ஃபேக்டரி வேலை.

"அத்தை, நான் வேலைய விட்டா கத்தரி போகும். குடமும் துணியும் போகாதே" என்றார் செல்வி.

மாமியார் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மகனைப் பார்த்துச் சொன்னார். "டேய், காலைல நீதான் தண்ணி புடிச்சு வைக்கணும். துணிய பெரியவன் பிழியட்டும். பாத்திரத்த நான் பார்த்துக்கிறேன்."

கணவர் முதலில் தயங்கினார். "குழாயடியில நிக்கிறதெல்லாம் பொம்பளைங்கதான்" என்றார். மறுநாள் குடத்தோடு போய் நின்றார்.

கதையில் நாம் கவனிக்க வேண்டியது இதுதான். சம்பள வேலை மட்டும் வேலை இல்லை. வீட்டு வேலையும் வேலைதான். சம்பள வேலையை விட்டால் ஓய்வு கிடைக்கும் என்று நினைக்கிறோம். பல பெண்களுக்கு அப்படி நடப்பதில்லை. "வீட்டில் சும்மாதானே இருக்கிறாய்" என்று இன்னும் நான்கு வேலை சேர்ந்துவிடுகிறது.

4. வேலையைத் துண்டு துண்டாகப் பிரியுங்கள்

"வேலைக்குப் போவதா, வேண்டாமா" என்று மொத்தமாகக் கேட்டால் பதில் கிடைக்காது. இப்படிக் கேளுங்கள்:

என் வேலையில் எந்த அசைவு வலியைக் கூட்டுகிறது? பிழிவதா, அழுத்திப் பிடிப்பதா, தூக்குவதா?
எந்த நேரத்தில் வலி அதிகம்? காலையில் மட்டும் என்றால் நேரத்தை மாற்ற முடியுமா?
ஒரே மாதிரி எவ்வளவு நேரம் செய்கிறேன்? நடுவில் கையை நீட்டி மடக்க நேரம் உண்டா?
எந்தக் கருவியை மாற்றினால் சுலபமாகும்?
இந்த வேலையை யாரோடு மாற்றிக்கொள்ளலாம்?

மூட்டைக் காக்கச் சில வழிகள் உண்டு. பெரிய மூட்டு தாங்கும் வேலையைச் சிறிய மூட்டுக்குக் கொடுக்கக் கூடாது. பையை விரலில் தொங்கவிடாமல் தோளில் மாட்டுங்கள். பாத்திரத்தை ஒரு கையால் விளிம்பில் பிடிக்காமல் இரண்டு உள்ளங்கையாலும் ஏந்துங்கள். ஈரத் துணியைக் குழாயில் சுற்றி முறுக்குங்கள். கத்தி, கரண்டிக் காம்பில் துணி சுற்றித் தடிப்பாக்குங்கள். காலையில் கையை வெதுவெதுப்பான நீரில் வைத்து மெல்ல அசையுங்கள்.

மூட்டு வீங்கிச் சிவந்து சூடாக இருக்கும் நாளில் ஓய்வு கொடுங்கள். வீக்கம் தணிந்த பிறகு அசைக்காமல் இருக்கக் கூடாது. அசைக்காத மூட்டு விறைத்துப்போகும். தசை மெலியும்.

வீட்டிலிருந்தே செய்யும் வேலை எல்லாம் லேசான வேலை என்று நினைக்க வேண்டாம். ஊதுபத்தி உருட்டுவதும் பீடி சுற்றுவதும் விரலையும் மணிக்கட்டையும் நாள் முழுவதும் வாட்டும். ஃபேக்டரியை விட்டு இவற்றுக்குப் போனால் வலி கூடவும் கூடும். வயலில் அரிவாள் பிடிப்பவர்கள், சேற்றில் நாற்று நடுபவர்கள் வேலையை அடியோடு விட முடியாமல் போகலாம். அவர்கள் நோய் ஏறும் நாட்களில் அறுப்பை விட்டு, களத்தில் காவல், விதை பொறுக்குதல் போன்ற வேலைகளை மாற்றிக் கேட்கலாம்.

5. கருவியை மாற்றிய விஞ்ஞானி

டோரதி ஹாட்ஜ்கின் என்ற விஞ்ஞானி இங்கிலாந்தில் வாழ்ந்தார். 1910-இல் பிறந்தவர். 24 வயதில் அவருக்கு முடக்குவாதம் வந்தது. விரல்கள் கோணிப்போயின. எக்ஸ்ரே கருவியின் சுவிட்சைப் போட முடியவில்லை. அவர் சுவிட்சுக்கு ஒரு நீண்ட நெம்புகோலைப் பொருத்திக்கொண்டார். வேலையைத் தொடர்ந்தார். பெனிசிலின், வைட்டமின் பி12 ஆகியவற்றின் உள்ளமைப்பைக் கண்டுபிடித்தார். 1964-இல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றார். 1969-இல் இன்சுலினின் அமைப்பையும் கண்டுபிடித்தார்.

எல்லோரும் அவரைப் போல ஆக வேண்டும் என்பதில்லை. அவருக்கு உதவ ஆட்கள் இருந்தார்கள். ஆனால் கையை மாற்ற முடியாதபோது அவர் கருவியை மாற்றினார். அதை நாமும் செய்து பார்க்கலாம்.

6. கேட்டுப் பெற வேண்டியவை

ஈ.எஸ்.ஐ.: ஃபேக்டரியில் வேலை செய்பவர்களுக்கு ஈ.எஸ்.ஐ. பிடிப்பார்கள். 2019 ஜூலை முதல் தொழிலாளியின் பங்கு 100 ரூபாய்க்கு 75 பைசா. முதலாளியின் பங்கு 3 ரூபாய் 25 பைசா. இதனால் தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் மருத்துவம் கிடைக்கிறது. நோயால் வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கு உதவித்தொகையும் உண்டு. அது கூலியில் 70 சதவீதம். ஓர் ஆண்டில் 91 நாள் வரை கிடைக்கும். போதிய நாட்களுக்குச் சந்தா கட்டியிருக்க வேண்டும். ஈ.எஸ்.ஐ. மருத்துவரின் சான்றிதழ் வேண்டும். சொல்லாமல் வீட்டில் இருந்துவிட்டால் கிடைக்காது.

ஒன்றை மறக்க வேண்டாம். வேலையை விட்டால் சில மாதங்களில் ஈ.எஸ்.ஐ. மருத்துவமும் நின்றுவிடும். முடக்குவாதத்துக்குப் பல ஆண்டுகள் மருந்து வேண்டும். வேலையை விடும் முன் "இனி மருந்து எங்கே வாங்குவேன்?" என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஊனமுற்றோர் உரிமைச் சட்டம், 2016: மூட்டுகள் நிரந்தரமாகக் கெட்டு, கை கால் இயங்காமல் போனால் அதை ஊனமாகக் கணக்கிடலாம். அரசு மருத்துவமனையில் அளந்து சான்றிதழ் தருவார்கள். 40 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் பல சலுகைகள் உண்டு. அரசு வேலையில் இருப்பவருக்கு இடையில் ஊனம் ஏற்பட்டால் அதற்காக வேலையை விட்டு நீக்கக் கூடாது. பதவியைக் குறைக்கவும் கூடாது. தனியார் நிறுவனங்களும் சம வாய்ப்புக் கொள்கையை வெளியிட வேண்டும்.

மாற்று வேலை: வாயால் கேட்டால் மறந்துவிடுவார்கள். எழுதிக் கேளுங்கள். செல்வி எழுதிய கடிதம் இது:

பெங்களூர்
தேதி: ............

மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். நான் 6-ஆவது லைனில் தையல் வேலை செய்கிறேன். எனக்கு முடக்குவாத நோய் உள்ளது. ஈ.எஸ்.ஐ. மருத்துவமனையில் மருந்து சாப்பிட்டு வருகிறேன். மிஷினில் தைப்பதற்கு எனக்குச் சிரமம் இல்லை. கத்தரியால் நூல் வெட்டும்போது கை வீங்குகிறது. எனவே என்னை நூல் வெட்டும் வேலைக்கு அனுப்பாமல் மிஷினிலேயே வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். மருத்துவர் சீட்டின் நகலை இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
செல்வி

இந்தக் கடிதத்தில் அழுகை இல்லை. எது முடியும், எது முடியாது, என்ன வேண்டும் என்று மட்டும் இருக்கிறது. பெங்களூரில் இதைக் கன்னடத்திலும் எழுதிக் கொடுக்கலாம். தெரிந்தவர் உதவியைக் கேளுங்கள். ஒரு நகலில் தேதி போட்டுக் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கேட்டதும் கிடைத்துவிடும் என்று சொல்ல முடியாது. சில இடங்களில் "முடியாவிட்டால் போ" என்பார்கள். அப்போது தனியாக நிற்காதீர்கள். உடன் வேலை செய்பவர்களிடமும் தொழிற்சங்கத்திலும் சொல்லுங்கள்.

7. விடுவதே நல்லது என்றால்

வேலையை விடுவது தோல்வி இல்லை. சில நேரம் அதுதான் சரியான முடிவு.

ஒழுங்காக மருந்து சாப்பிட்டும் மூட்டு மேலும் மேலும் கோணினால்,
பிடி நழுவி, கத்தியிலோ சூட்டிலோ ஓடும் மிஷினிலோ அடிபடும் ஆபத்து இருந்தால்,
மாற்று வேலை கேட்டும் கிடைக்காமல், ஒவ்வொரு நாளும் நோய் ஏறினால்,
அந்த வேலையை விடலாமா என்று மருத்துவரைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

ஆனால் கோபத்தில் விடாதீர்கள். படிக்காமல் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். வெள்ளைத் தாளில் போடவே போடாதீர்கள். பி.எஃப். பணம் எவ்வளவு என்று கேளுங்கள். பொதுவாக நிரந்தரத் தொழிலாளி 5 ஆண்டு தொடர்ந்து வேலை செய்திருந்தால் பணிக்கொடை உண்டு. உடல் ஊனத்தால் வேலை நின்றால் அந்த 5 ஆண்டு நிபந்தனை இல்லை.

வேலையை விட்டவரை வீட்டில் பாரமாகப் பார்க்கக் கூடாது. வலி வெளியே தெரியாது. வீக்கம் இல்லாத நாளிலும் உடம்பு அசந்து கிடக்கலாம். அதைச் சோம்பல் என்று சொல்லக் கூடாது.

கணக்குப் போடுவோம்

1. செல்வியின் மாதச் சம்பளம் 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 100 ரூபாய்க்கு 75 பைசா என்றால் ஈ.எஸ்.ஐ. எவ்வளவு பிடிப்பார்கள்? (விடை: 90 ரூபாய்)

2. ஒரு நாள் கூலி 400 ரூபாய். அதில் 70 சதவீதம் எவ்வளவு? (விடை: 280 ரூபாய்)

3. செல்வி 10 நாள் மருத்துவ விடுப்பு எடுத்தார். பொதுவாக முதல் 2 நாளுக்கு உதவித்தொகை இல்லை. மீதி 8 நாளுக்கு எவ்வளவு கிடைக்கும்? (விடை: 2,240 ரூபாய்)

கலந்து பேசுவோம்

1. செல்வியின் கணவர் "விட்டுடு" என்று அன்பாகத்தான் சொன்னார். செல்வி ஏன் உடனே ஒத்துக்கொள்ளவில்லை?
2. உங்கள் வீட்டில் தண்ணீர் பிடிப்பது யார்? துணி பிழிவது யார்? மாற்றிக்கொள்ள முடியுமா?
3. கூலி வேலை செய்பவருக்கு ஈ.எஸ்.ஐ. இல்லை. அவருக்கு இந்த நோய் வந்தால் ஊரார் எப்படி உதவலாம்?

எழுதிப் பழகுவோம்

ஒரு நோட்டில் மூன்று கோடு போடுங்கள்: நேரம், வேலை, வலி. நோய் உள்ளவர் 7 நாள் எழுதுங்கள். எழுதத் தெரியாதவருக்கு நீங்கள் எழுதிக் கொடுங்கள். 7 நாள் முடிந்ததும் குடும்பத்தோடு உட்கார்ந்து உரக்கப் படியுங்கள். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அந்த நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள்.